ஐஸ் கம்பெனி வீட்டில் ஐந்து நாள்

மே 9, வெள்ளி இரவு, வேலூர்

கத்திரி தொடங்கி ஆறு நாளாகிறது. காலை ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் சுவரில் சாய முடியவில்லை. மலை சூழ்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள். அந்த மலை அத்தனையும் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் எங்கள் தலையில் திருப்பி ஊற்றும்.

நாளை கடலுக்குப் போகிறோம். நான், என் வீட்டுக்காரர், ஒன்பதாம் வகுப்பு முடித்த மகள், நான்காம் வகுப்பு முடித்த மகன், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. அன்றைக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஒரு வருடம்கூடப் பல்லக்கைத் தவறவிட்டதில்லை என்று அத்தை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பையில் புடவை அடுக்கும்போதும் அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே ஐந்து புடவை அடுக்கினார்.

வீடு தரங்கம்பாடிக்குப் பக்கத்தில். இணையத்தில் பார்த்துப் பிடித்தது. ஒரு நாளுக்கு 2,200 ரூபாய், ஐந்து பேர் தங்கலாம், ஜன்னலைத் திறந்தால் கடல். ‘இயற்கையாகவே குளிர்ச்சியான குடியிருப்பு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கூடவே ஏழு படங்கள். ஏழிலும் கடல்தான் இருந்தது, வீடு இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் வேலை முடிந்து வரும் வழியில் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா இரண்டு டப்பா வாங்கி வந்தார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று சிதம்பரத்தில் இருக்கும் அத்தையின் சித்தி மகளுக்கு, திரும்பும்போது கொடுக்க. பாகில் ஊறியது, ஒரு வாரம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த இரண்டாவது டப்பாவை யாரும் தொடக்கூடாது என்று அத்தை அதைத் தன் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பையைப் பூட்டிவிட்டார்.

மே 10, சனி

கண்ணமங்கலம், போளூர் எல்லாம் இருட்டிலேயே கடந்தன. திருவண்ணாமலையில் காரிலிருந்தபடியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, ஆளுக்கு ஒரு டீ. விழுப்புரம் வரைக்கும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பண்ருட்டியில்தான் சங்கடம் ஆரம்பித்தது. சாலையோரம் முழுக்கப் பலாப்பழம் குவிந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு கடந்து போக முடியாது. கடையிலிருந்த அம்மா ஒரு பழத்தைத் தட்டினார், காம்புப் பக்கம் முகர்ந்தார், “இது நாளை மறுநாள்தான் பழுக்கும், தைரியமாகக் கொண்டு போங்கள்” என்றார். 300 ரூபாய் சொன்னதை 220க்குக் கேட்டு வாங்கினோம். பேரம் படிந்த பிறகு பக்கத்துப் பழத்தை அரிந்து நாலு சுளை கையில் கொடுத்தார், சும்மா. எண்பது ரூபாய் குறைத்துக் கேட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

மூடிய கார், கத்திரி வெயில், பின்னால் முழுப் பலா. நாளை மறுநாள் பழுக்க வேண்டியது வடலூர் தாண்டுவதற்குள் பழுத்துவிட்டது. மகள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள். ஏசியைப் போட்டால் வாசனை சுற்றிச் சுற்றி வருகிறது, கண்ணாடியை இறக்கினால் அனல். சிதம்பரத்தில் சாப்பாடு 110 ரூபாய். பரிமாறியவர் ஒவ்வொரு முறையும் இலைக்கு முன் குனிந்து, “ரசம் விடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கேள்வி கிடையாது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ரசம் இலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

கொள்ளிடம் பாலத்தில் அத்தை எட்டிப் பார்த்தார். அந்த அகலத்துக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் பளபளத்தது. “நம் பாலாற்றுக்கும்தான் பாலம் இருக்கிறது, கீழே கிரிக்கெட் ஆடுகிறார்கள்” என்றார்.

தரங்கம்பாடி வந்து, முகவரியைக் காட்டி மூன்று பேரிடம் வழி கேட்டோம். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: “ஐஸ் கம்பெனி வீடா?”

ஐஸ் கம்பெனி வீடுதான். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பார் செய்து கொடுக்கும் பழைய கம்பெனி. கீழே பெரிய கொட்டகை, அதில் இயந்திரமும் தொட்டியும். கொட்டகையை ஒட்டி மேலும் கீழுமாக ஒரு குடியிருப்பு. மேலே இரண்டு அறை, ஒரு காலத்தில் மேனேஜருக்காகக் கட்டியது. கீழே ஓர் அறை. அந்தக் கீழ் அறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

அது முன்பு ஐஸ் பார்களை அடுக்கி வைத்த அறை. கதவு ஒரு ஜாண் கனம். தாழ்ப்பாள் கிடையாது, அதற்குப் பதில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பிடி. அதை மேலே தூக்கி இழுத்தால் கதவு பெருமூச்சு விட்டுத் திறக்கும். உள்ளே ஜன்னல் என்ற பேச்சே இல்லை. சுவர் முழுக்கப் பலகை அடித்திருக்கிறது. பலகைக்கும் செங்கலுக்கும் நடுவே நெல் உமியைக் கெட்டித்து நிரப்பியிருக்கிறார்கள், வெளிச் சூடு உள்ளே வராமலிருக்க. தட்டினால் ‘பொத்’ என்று மூட்டையைத் தட்டிய சத்தம். உரிமையாளர் இதில் ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டு, கூரையருகே காற்றுக்கு இரண்டு ஓட்டை இடித்து, ‘குளிர்ச்சியான படுக்கையறை’ என்று பெயர் வைத்துவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. வெளியே நின்றால் தலை சுடுகிறது, உள்ளே மண்பானைக்குள் இறங்கியது போலிருக்கிறது.

அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பிணவறை மாதிரி இருக்கிறது, நான் மாட்டேன்” என்று மாடிக்கு ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் அங்கே படுத்தார். ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தவர் மறுநாள் எட்டு மணிக்கு எழுந்தார். விடிந்ததே தெரியவில்லையாம்.

இன்னொன்று. ஐஸ் கம்பெனி வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

மே 11, ஞாயிறு

ஆறு மணிக்குச் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிட்டது. எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வரும். இங்கே மறைப்பு ஒன்றுமில்லாததால் எடுத்த எடுப்பிலேயே முகத்தில் அறைகிறது.

கடலுக்கு வந்தால் வஞ்சரம் தின்னலாம், இறால் தின்னலாம் என்று ஒரு மாதமாகத் திட்டம். காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் பெரிய மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். என்னை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “தடைக்காலம் அம்மா” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். 2001இல் ஆரம்பித்தபோது 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 ஆகிவிட்டது. செய்தித்தாளில் வருடா வருடம் படிப்பதுதான். படிக்கும்போது அது யாருக்கோ என்றிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. படகு போகவில்லையென்றால் ஐஸ் வேண்டாம், ஐஸ் வேண்டாமென்றால் கம்பெனி ஓடாது, கம்பெனி ஓடாத நாளில்தான் அந்த வீடு வாடகைக்கு வரும். வேலூரில் போன ஞாயிற்றுக்கிழமை வஞ்சரம் வாங்கினோம், கிலோ 900 ரூபாய், மங்களூர் லாரியில் வந்தது. மேற்குக் கடலில் தடை ஜூனில்தான் தொடங்கும். ஆக, கடலே இல்லாத ஊரில் கடல் மீன் தின்றுவிட்டு, மீனே இல்லாத கடலுக்கு 2,200 ரூபாய் வாடகை கொடுத்து வந்திருக்கிறோம்.

முழுக்க இல்லை என்று சொன்னால் பாவம். ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் வருகின்றன. ஏழரை மணிக்கு அவை வந்ததும் மணலிலேயே ஏலம் நடந்தது. சூடை, மத்தி, கிழங்கான், கொஞ்சம் நண்டு. நண்டு கிலோ 350 சொன்னார்கள். வாங்கத் தெரியாமல் நான் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஒவ்வொரு நண்டாகத் திருப்பி, அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தி, அழுந்தியதையெல்லாம் ஒதுக்கினார். “இதில் தண்ணீர்தான் இருக்கும், சதை இருக்காது.” அழுத்தியும் கல் மாதிரி நின்ற ஏழு நண்டு என் பைக்குள் விழுந்தன.

எந்த ஊர் என்றார். வேலூர் என்றேன்.

வேலூர் என்று சொன்னால் வெளியூரில் மூன்றில் ஒரு கேள்வி வரும். ஆஸ்பத்திரிப் பக்கமா, ஜெயில் பக்கமா, இல்லையென்றால் பொற்கோயிலா? இந்த அக்கா நான்காவதாக ஒன்று வைத்திருந்தார். எட்டு வருடம் முன்பு அவர் கணவருக்கு வேலூரில்தான் இதய அறுவை சிகிச்சை. மார்கழி மாதம், பதினெட்டு நாள் லாட்ஜில் தங்கியிருக்கிறார். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது, டாக்டர்கள் தெய்வம், எல்லாம் சொன்னார். பிறகு குரல் மாறியது. “ஆனால் உங்கள் ஊரில் ஒரு வாளி வெந்நீருக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள்.”

அத்தை பக்கத்தில் நின்றிருந்தார். முகம் சுருங்கிவிட்டது. “எங்கள் ஊரில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான், அதற்கு யார் காசு வாங்குவார்கள்?” என்றார். “மார்கழியில்” என்றார் அக்கா. “வாளி இருபது.” அத்தை பதில் பேசவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், அது வெளியூர்க்காரன் நடத்தும் லாட்ஜாக இருக்கும் என்று என்னிடம் நிரூபித்துக்கொண்டே வந்தார்.

அக்காவின் கணவருக்கு ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. இப்போது படகு கரையில். மதியம் அவர் புன்னை மர நிழலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தல் அடைத்தார். அரசாங்கம் தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. முன்பு 5,000. “61 நாளுக்கு எட்டாயிரம். நீங்களே வகுத்துப் பாருங்கள்” என்று சிரித்தார். நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 131 ரூபாய்.

நண்டுக் குழம்பு நான் வைத்தது சுமார். அக்கா கொடுத்தனுப்பிய ஒரு கிண்ணம் மத்திக் குழம்புதான் அன்றைய சாப்பாடு. பலாப்பழத்தை அக்கம்பக்கம் பகிர்ந்தோம். எட்டு வீட்டுக்குப் போயும் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் ஓர் அசம்பாவிதம். பலகைச் சுவரில் ஒரு கணு விழுந்த ஓட்டை இருந்ததை மகன் கண்டுபிடித்து, அதற்குள் பென்சிலை விட்டு ஆட்டியிருக்கிறான். உமி கொட்ட ஆரம்பித்தது. மணற்கடிகாரம் போலச் சன்னமாக, நிற்காமல். அரைப் படி கொட்டிய பிறகு பலாப்பிசினைத் துணியில் உருட்டி அடைத்தோம். பண்ருட்டிப் பழத்துக்குக் கொடுத்த காசு அங்கே வசூலாயிற்று.

மே 12, திங்கள்

காலையில் தரங்கம்பாடிக் கோட்டை. டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620இல் கட்ட ஆரம்பித்தது. டேன்ஸ்போர்க் என்று பெயர். எங்கள் கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சின்னதாகப் பட்டது. “அகழி எங்கே?” என்றான் மகன். கடலைக் காட்டினேன். ஒப்புக்கொண்டான்.

உள்ளே படித்ததில் என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். 1845இல் இந்த ஊரையும், வங்காளத்தில் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். “இந்தக் காசுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மனைகூட வராது” என்றார். கோட்டையைச் சுற்றி வரும் வரை அதையே இரண்டு முறை சொன்னார்.

கோட்டை என்றதும் மகன் எங்கள் ஊர்ப் பழமொழியை எடுத்துவிட்டான்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. சாமிதான் 1981இல் வந்துவிட்டாரே, இன்னும் என்ன பழைய பாட்டு என்றார். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கோட்டைக்குக் கொண்டுவந்த சமயம் அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். கூட்டத்தில் கொலுசு ஒன்று தொலைந்ததாம். சாமி வந்த கதையை விடக் கொலுசு போன கதை நீளம்.

இங்கே மாசிலாமணிநாதர் கோயில் கடலுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அத்தை கும்பிட்டுவிட்டு வந்து, “எங்கள் ஆறு வரமாட்டேன் என்கிறது, இவர்கள் கடல் போகமாட்டேன் என்கிறது” என்றார்.

ஊர்ப் பெயருக்கு ‘அலைகள் பாடும் இடம்’ என்று பொருளாம், போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்றால் ஊர் அல்லவா? எங்கள் வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்?

1792ஆம் வருடத்து நுழைவாயில், ராஜ வீதி, தேவாலயங்கள் எல்லாவற்றையும் வெயிலில் வேகமாகப் பார்த்தோம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர் இது. அவருடைய அச்சகத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி 1715இல் முடிந்தது. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையே போட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கடுதாசி என்றால் என்ன என்று மகள் கேட்டாள். பதினான்கு வயதில் அவள் கையால் ஒரு கடுதாசி எழுதியதில்லை. நுங்கு விற்றவரிடம் ஒதுங்கினோம், இருபது ரூபாய்க்கு நான்கு. சீவிய வேகத்தில் நீர் தெறித்து அத்தையின் மூக்குக்கண்ணாடியில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை, குளிர்ச்சியாக இருந்ததாம்.

இரவுதான் விஷயம்.

பத்து மணி சுமாருக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஜூன் மாதம் படகு இறங்குவதற்குள் இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டுமாம், பகலில் மின்னழுத்தம் போதவில்லையாம், அதனால் இரவில். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்குக் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. முதலில் தரை கிர்ரென்றது. பிறகு கட்டில், தண்ணீர்ச் செம்பு, ஜன்னல் கண்ணாடி, கடைசியில் என் பல். மேசை மேலிருந்த சீப்பு தானாக நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பிடிக்கத் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் மூக்கில் ஊசி ஏற்றியது போல ஒரு நெடி. கண்ணில் நீர் கொட்டியது. அமோனியா, ஐஸ் இயந்திரத்தில் குளிரூட்ட ஓடும் வாயு. எங்கோ ஒரு வால்வு இலேசாகக் கசிந்திருக்கிறது. பெரியவர் மாடிப்படியில் ஓடி வந்தார். “துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சோழகம் அடிக்கிறது, தெற்கே போய் உட்காருங்கள்” என்றார். சோழகம் என்றால் தெற்குக் காற்று. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைக்குப் போனால் நெடி வராது. பயத்தில் வடக்கே ஓடியிருப்போம். என் வீட்டுக்காரர் அந்த ஜன்னலில்லாத அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜாண் கதவுக்குள் சத்தமும் போகவில்லை, நெடியும் போகவில்லை. இரும்புப் பிடியைத் தூக்க முடியாமல் நானும் மகளும் தொங்கினோம். பெரியவர் வந்து ஒரு கையால் தூக்கினார்.

மணலில் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்று. முழு நிலா உச்சியில். கடல் தாம்பாளம் மாதிரி மினுங்குகிறது, அலை விழும் இடம் மட்டும் வெள்ளைக் கோடு. தெருவே வெளியே வந்துவிட்டது, ஆனால் ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை. வருடா வருடம் இது ஒரு முறை நடக்குமாம். அக்கா பாய் கொண்டுவந்து விரித்தார், கூடவே ஒரு தூக்கு நிறையச் சுக்குக் காபி. குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாட ஆரம்பித்தார்கள். நடுராத்திரி திருவிழாப் போல.

அத்தையின் போன் மணி அடித்தது. வேலூரிலிருந்து கொழுந்தனார். பல்லக்கு கிளம்பிவிட்டது, அம்மா பார்க்கட்டும் என்று வீடியோவில் வந்தார். அந்தக் கையகலத் திரையில் மல்லிகையும் ரோஜாவும் சாமந்தியுமாக ஒரு மலை அசைந்து அசைந்து வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை ஈரத் துணியை இன்னும் மூக்கிலேயே பிடித்தபடி, எந்தக் கோயில் பல்லக்கு எது என்று விளக்கினார். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டரை மணிக்கு பேட்டரி தீர்ந்தது.

மே 13, செவ்வாய்

பத்து மணி வரை தூக்கம். கண் எரிச்சல் மதியம்தான் விட்டது. உரிமையாளரை அழைத்துக் கேட்டேன். “அது வெறும் டெஸ்ட் மேடம்” என்றார். டெஸ்டுக்கு நாங்கள் எதற்கு என்று கேட்டதில் 500 ரூபாய் குறைத்தார். இனி அந்த விளம்பரத்தில் கொட்டகையின் படத்தையும் போடச் சொன்னேன். போட்டால் யார் வருவார்கள் என்று திருப்பிக் கேட்டார். அதுவும் சரிதான்.

மகனுக்கு மட்டும் கோபமில்லை. மெக்கானிக் அவனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். தரை மாதிரி தெரிவது தரையே இல்லை, மரப்பலகை மூடிகள். ஒன்றைத் தூக்கினால் கீழே உப்புக் கரைசல் தொட்டி. அதற்குள் தகர வார்ப்புகளில் நல்ல தண்ணீரை நிரப்பி இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் உறையாமல் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துகொண்டே போகும், வார்ப்புக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கட்டியாகும். “நடு கடைசியில்தான் உறையும், அவசரப்பட்டு எடுத்தால் பாருக்குள்ளே குழி இருக்கும்” என்றார். இரவு எங்களைத் தெருவுக்குத் துரத்திய ஆள் இவர்தான் என்பதை மறந்து அரை மணி நேரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியின் நான்காவது படியைப் பெரியவர் காட்டினார். 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் அதுவரை ஏறியதாம். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாலையில் அத்தை கடலில் இறங்கினார். அறுபத்தாறு வயதில் முதல் முறை. கணுக்கால் வரை என்று சொல்லித்தான் போனார். மூன்றாவது அலை அவரை உட்கார வைத்தது, நான்காவது படுக்க வைத்தது. மகளும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, “இன்னொரு தடவை” என்றார். முக்கால் மணி நேரம் கரையேறவில்லை.

மே 14, புதன்

விடிந்ததும் அத்தையால் காலை மடக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வலி, தோலெல்லாம் உப்பு. வீட்டுக் குழாய்த் தண்ணீரும் உப்பு, சோப்பு நுரைக்காது. காஸ் வேறு முந்தின நாளே தீர்ந்துவிட்டது. என்ன செய்வது என்று நின்றபோது வாசலில் அக்கா. கையில் ஒரு வாளி, ஆவி பறக்கிறது. விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீர், மேலே நொச்சி இலை மிதக்கிறது. குடிதண்ணீர்க் குழாயில் பிடித்ததாம்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்து, “காசு வேண்டாம் அம்மா” என்றார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. குளித்தார், புடவை மாற்றினார், சாவகாசமாகத் தலை துவட்டினார். பிறகு பையைத் திறந்து, சிதம்பரத்து மக்கன் பேடா டப்பாவை எடுத்து, காலி வாளியைத் துடைத்து அதற்குள் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினார். சிதம்பரத்துச் சித்தி மகளுக்கு இந்த முறை வாழைப்பழம்தான்.

கிளம்பும்போது அக்கா காருக்கு அருகே வந்தார். மக்கன் பேடாவைப் பிட்டால் உள்ளே முந்திரியும் திராட்சையும் இருக்கிறதே, எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தைக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பத்து நிமிடம் சொன்னார். அக்கா ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தார்.

போகும்போது பலா, வரும்போது கருவாடு. மகள் மறுபடியும் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள். சீர்காழி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. கொள்ளிடம் பாலம் வந்ததும் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“எப்படிப் பார்த்தாலும் வாளிக்கு இருபது ரூபாய் அதிகம்தான்” என்றார்.